மூன்றாவது கம்ப்யூட்டருக்கு மிளகாய் பூசியவள்

அந்த வருஷத்து அம்மன் கோவில் திருவிழாவில், மதியக்கொடை நேரத்தில், சாமியாடி சொர்ணலிங்கத்தின் மேல் சாமி இறங்கவில்லை. மேளக்காரர்கள் தோள்பட்டை கழன்றுவிடும் மட்டும் அடித்துப் பார்த்தார்கள், பெண்கள் தொண்டை வற்றும் மட்டும் குலவையிட்டுப் பார்த்தார்கள், அவனும் சிவப்புப் பட்டும் அரளி மாலையுமாய் நின்று முதுகை நெளித்து, நாக்கைத் துருத்தி, கண்ணை மேலே செருகி, தெரிந்த வித்தையையெல்லாம் காட்டினான். ஆனால் இடுப்பில் இருந்த கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்துபோயிற்று, உள்ளே ஆள் இல்லை என்று. அதே வேளையில், கோவிலுக்கு நேர் எதிரே, கொடைக்காகச் சாத்திப் போட்டிருந்த அவனுடைய நெட் சென்டருக்குள், கரண்டு ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிப் போர்வை போர்த்தி வைத்திருந்த மூன்றாவது கம்ப்யூட்டர், மேசை அதிர, போர்வையை மீறித் திரை செக்கச்செவேலென்று சிவக்க, மேளத்தின் அடிக்கு அடி சரியாக வைத்து ஆட ஆரம்பித்தது.

கீழப்புலியங்குறிச்சிக்காரர்கள் வாயைப் பிளக்கவில்லை. கொடை என்றால் சாமி எதன் மேலாவது இறங்கத்தான் செய்யும். டீக்கடை அய்யாக்குட்டி கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்துவிட்டு, "ஆளு மாறிட்டு போல" என்று மட்டும் சொன்னான். தர்மகர்த்தா ஆறுமுகநயினார் மேளக்காரர்களைப் பார்த்து அதட்டினார்: "என்னய்யா இங்கன நின்னு அடிக்கிய? அம்மன் அங்கல்லா நிக்கா. ரோட்டத் தாண்டுங்க." மேளம் ரோட்டைத் தாண்டியது, பின்னாலேயே வேப்பிலைக் கொத்தோடு பெண்கள் தாண்டினார்கள், தென்காசி பஸ் ஓரமாக ஒதுங்கி நின்று வழி விட்டது, டிரைவர் இருந்த இடத்திலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நெட் சென்டருக்குப் பக்கத்துக் கட்டடம் மாவு மில். அதன் வாசலில் உலகம்மா மட்டும் அசையாமல் நின்றாள். புருவத்தில், இமையில், காது மடலில் எல்லாம் மாவு படிந்து, நாற்பத்தைந்து வயசுக்காரி எழுபது வயசுக்காரி மாதிரி தெரிந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வந்துட்டியா" என்றாள். அதை அவள் பக்கத்தில் நிற்கிற ஆளிடம் விசாரிக்கிற குரலில்தான் சொன்னாள்.

அம்மன் இடம் மாறியது ஏன் என்று தெரிய வேண்டுமானால் முந்தின வருஷத்துக் கொடைக்குப் போக வேண்டும்.

சொர்ணலிங்கத்தின் அப்பாவும் சாமியாடிதான். ஆனால் அவர் குறி சொன்னால், "நல்லாயிருப்ப, தெக்க போகாத" என்பதோடு சரி. அதைக் கேட்கப் பக்கத்துத் தெருவிலிருந்துகூட ஆள் வராது. மகன் பட்டம் ஏற்ற பிறகு கதை வேறாயிற்று. எந்தப் பெண்ணுக்கு எந்த மாதம் நாள் தள்ளிப்போயிருக்கிறது, எவனுக்கு எந்த ஊர்க்காரி மேல் ஆசை, யார் வீட்டில் யாருக்கு என்ன வியாதி என்று, கொடையில் மட்டுமல்லாமல் வெள்ளிக்கிழமைதோறும், முகத்துக்கு நேரே திருநீற்றை ஊதி ஊதிச் சொன்னான். நாகர்கோவிலிலிருந்தும் மதுரையிலிருந்தும் வேன் வேனாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். வருகிற வெளியூர்க்காரர்கள், முறை வருகிறவரை பொழுது போகாமல், எதிரே அவனுடைய நெட் சென்டரில்தான் உட்கார்ந்திருப்பார்கள். உட்கார்ந்தவர்கள் கை சும்மா இருக்குமா, மனசில் உள்ளதை எதையாவது தேடுவார்கள்.

உள்ளூர்க்காரர்களுக்கும் அந்த நெட் சென்டர்தான் கதி. எல்லார் வீட்டிலும் போன் இருந்தது, இருந்தும், வீட்டுப் போனில் ஒரு சங்கதியைத் தேடினால் அடுத்த நிமிஷம் அதற்கான மருந்தும் தைலமும் விளம்பரமாய் வந்து, போனைப் பிடுங்கி விளையாடுகிற பிள்ளை, "எய்யா, உனக்கா மூலம்?" என்று பந்தியில் வைத்துக் கேட்கும். சொர்ணலிங்கத்திடம் போனால் அந்தத் தொந்தரவு கிடையாது. கழுத்துப்பட்டையைத் தூக்கிவிட்டுத் தொப்பி போட்ட ஒருத்தன் படம் உள்ள கறுப்புச் சன்னலைத் திறந்து கொடுத்து, "தொப்பிக்காரன் சன்னல்ல தேடுங்க மைனி, மூடுனா எல்லாம் அழிஞ்சிரும், செத்தவன் காதுல சொன்ன மாதிரி" என்பான். எழுதத் தெரியாதவர்களுக்கு ஒரு மைக்கும் வைத்திருந்தான். குனிந்து அதன் காதில் கிசுகிசுத்தால் போதும். அந்தச் சன்னலை அவன் எங்கோ ஒரு பட்டணத்தில் யாரோ ஒரு தில்லாலங்கடியிடம் வாங்கி வந்து ஏற்றியிருந்தான். முன்பக்கம் மூடும், பின்பக்கம் திறந்து கிடக்கும். கிசுகிசுத்ததெல்லாம் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்த அவனுடைய சொந்தப் பெட்டிக்குப் போய்ச் சேரும். அது 'அனுமதிக்கவா' என்று ஒரு தடவை கேட்கத்தான் செய்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் புலியங்குறிச்சிக்காரர்கள் யார் எதைக் கேட்டாலும் 'சரி' என்று அமுக்கிப் பழகியவர்கள்.

உலகம்மாவுக்கு ஒரே மகள், சிவரஞ்சனி. புருஷன் போன பிறகு மில்லை ஓட்டி வளர்த்த பிள்ளை. சுரண்டைப் பக்கத்தில் நல்ல இடத்தில் பேசி முடித்து, தட்டு மாற்றி, ஆவணியில் கல்யாணம் என்று இருந்தது. ஒரு நாள் எண்ணெய் தேய்த்துவிடும்போது பிள்ளையின் தோள்பட்டையில் பெருவிரல் நகம் அகலத்துக்கு வெள்ளையாய் ஒரு புள்ளி.

"யார்ட்டயும் சொல்லாதம்மா. அவர்ட்ட நானே சொல்லுதேன். எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியும்" என்றாள் ரஞ்சி.

"நான் எதுக்குட்டி சொல்லப்போறேன்" என்றாள் உலகம்மா. சொல்லவும் இல்லை. ஆனால் மறுநாள் மூன்றாவது கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, மைக்கின் காதில் மட்டும் கேட்டாள்: "தோல்ல வெள்ளப்புள்ளி பரவுமா? பொறக்குற பிள்ளைக்கு வருமா?" ஒட்டாது, பயப்பட வேண்டாம் என்று அது நல்ல மாதிரியாகத்தான் பதில் சொல்லிற்று. நிம்மதியோடு எழுந்து போனாள்.

அந்த வாரமே வந்த கொடையில் மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசையில் நின்றார்கள். சொர்ணலிங்கம் ஆடி ஆடி வந்து, உலகம்மா முகத்தில் திருநீற்றை ஊதி, ஊர் கேட்க அலறினான்: "ஏட்டி! உன் வீட்டுப் பூவுல வெள்ள விழுந்துருக்கே! தோள்ல விழுந்துருக்கே! மறச்சா கொடுக்கப் பாக்குற?" மாப்பிள்ளையின் அம்மா ரஞ்சியின் தோளை அங்கேயே, அத்தனை பேர் நடுவில், சேலையை விலக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் செருப்பைத் தேடப் போனாள்.

ரஞ்சி அழவில்லை. வீட்டுக்கு வந்து பையில் துணியை அடுக்கிக்கொண்டே, "உனக்கு மட்டும்தானம்மா தெரியும்" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். திருப்பூருக்குப் போய்விட்டாள். போன் வரும், அய்யாக்குட்டி டீக்கடைக்கு வரும். "எங்கம்மா நல்லாருக்காளா மாமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

உலகம்மா முதலில் அம்மனோடுதான் சண்டைக்குப் போனாள். "எல்லாந் தெரிஞ்சவன்னா வாய மூடிக்கிட்டு இருக்க வேண்டியதுதான? உனக்குப் பொம்பளப்பிள்ள இருந்தா இப்படிப் பேசுவியா?" என்று கோவில் நடையில் நின்று ஏசினாள். ஏசிக்கொண்டு மாசக்கணக்காய் இருந்தவளுக்கு, ஒரு வெள்ளிக்கிழமை அய்யாக்குட்டியால்தான் மனசில் பொறி தட்டியது. அவனுக்கு உட்காரும் இடத்தில் உபத்திரவம் என்று குறியில் வந்துவிட்டது.

"எம் பொண்டாட்டிக்கே தெரியாதுக்கா" என்று நின்றுகொண்டே டீ ஆற்றினான் அவன். "நெட் சென்டர்ல பத்தியம் என்னன்னு கேட்டேன், அம்புட்டுத்தான்."

உலகம்மா அரைத்துக்கொண்டிருந்த கோதுமையை அப்படியே விட்டுவிட்டு யோசித்தாள். நெட் சென்டர் வாசலை மிதிக்காத ஆறுமுகநயினார் வீட்டுச் சங்கதி ஒன்றுகூட இத்தனை வருஷத்தில் குறியில் வந்ததில்லை. அந்த வீட்டில் சங்கதிக்கு என்ன குறைச்சல்? அம்மனுக்கு ஏன் அவர் வீட்டுக்கு மட்டும் வழி தெரியவில்லை?

சாயங்காலமே போய் மூன்றாவது கம்ப்யூட்டரின் காதில் ஒரு பொய்யைச் சொன்னாள்: "மாவு மிஷினுக்கு அடியில பாம்பு அடஞ்சா எப்படி வெரட்ட?" அடுத்த வெள்ளிக்கிழமை சொர்ணலிங்கம் அவள் முன்னால் வந்து சீறினான்: "உன் மிஷினுக்கடியில நாகம் கெடக்குதடி! நான் காவல் வச்ச நாகம்!" உலகம்மா கும்பிட்டு, திருநீறு வாங்கி, மில்லுக்கு வந்து, தரையோடு தரையாய்ப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு கரப்பான் மீசையை ஆட்டியது. அன்றைக்குத்தான் அவள் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த கரப்பான் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டது.

வடக்குவாசல் செல்வி என்கிற அந்த அம்மனுக்கு ஒரு வழக்கம் உண்டு. அநியாயம் செய்யப்பட்டவர்கள் கோவில் அம்மியில் வற்றல் மிளகாயை வைத்து, பச்சைத் தண்ணீர் தெளித்து, வாய் பேசாமல் அரைத்து, வடக்கு மூலையில் நிற்கிற வழக்குக் கல்லில் பூச வேண்டும். கல்லில் இருக்கிற அம்மனுக்கு எரியும். எரிச்சல் தாங்காமல் எழுந்து போய், குற்றவாளி யாரோ அவன்மேல் அந்த எரிச்சலை இறக்குவாள். நியாயம் கிடைத்த பிறகு, பூசினவர் தன் கையாலேயே தேங்காய்ப்பால் விட்டுக் கழுவ வேண்டும். வேறு யார் கழுவினாலும் போகாது. மில்லுக்காரியாய் இருந்தும் உலகம்மா அம்மியில்தான் அரைத்தாள்; அம்மனுக்கு மிஷின் மசாலா செல்லாது.

அரைத்து எடுத்துக்கொண்டு கல்லுக்கு முன்னால் போனவள் நின்றுவிட்டாள். கல்லைப் பார்த்தாள். அது அவள் மகளைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. சொன்னது வேறொன்று. வாழையிலையில் மிளகாய் விழுதோடு ரோட்டைத் தாண்டினாள். சொர்ணலிங்கம் கோவிலில் குறி சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி கோமதிதான் கடையில் இருந்தாள். உலகம்மா மூன்றாவது கம்ப்யூட்டரின் மைக்கில், திரையில், பின்னால் காற்று வாங்குகிற வலைக்கண்ணில் எல்லாம் வழித்து அப்பினாள். கோமதி பார்த்தாள். பார்த்துவிட்டு, எழுந்து போய்ச் சுவரில் கோணலாய்த் தொங்கிய காலண்டரை வெகுநேரம் நேராக்கினாள்.

அந்த ஊரில் அதுவரை யாரும் கல்லை விட்டு வேறொன்றில் பூசியதில்லை. அதனால், எதில் பூசுகிறார்களோ அங்கே போய் உட்கார வேண்டியது அம்மனுக்குக் கடமை என்பது அம்மனைத் தவிர ஒருத்தருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து மூன்றாவது கம்ப்யூட்டர் சும்மா இருக்கவில்லை. எதிரே ஆள் இல்லாதபோதும் அதன் விசிறி புஸ்ஸுபுஸ்ஸென்று மூச்சு வாங்கியது, சின்ன விளக்கு இமைத்துக்கொண்டே இருந்தது, மேல்மூடி தோசைக்கல்லாய்க் கொதித்தது. மிளகாய் காயவே இல்லை. சொர்ணலிங்கம் துடைத்தான், துடைத்த துணி சிவந்தது, கை எரிந்தது, மிளகாய் இருந்த இடத்தில் இருந்தது. தென்காசியிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டிவந்தான். அவன் திறந்து பார்த்து, உள்ளே விரலை விட்டு, குங்குமத்தோடு எடுத்தான். "பின்னணியில என்னமோ ஓடுது அண்ணாச்சி" என்றான்.

"என்னல ஓடுது?"

"தெரியல. ஆனா ரொம்ப மும்முரமா ஓடுது. எதையோ வாசிச்சிக்கிட்டு இருக்க மாதிரி இருக்கு." பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

சொர்ணலிங்கம் ஒயரைப் பிடுங்கினான். விசிறி நிற்கவில்லை. மேலே ஒரு போர்வையைப் போர்த்தினான். போர்வை மூச்சு விட்டது. கொடை முடியட்டும், தூக்கி ஆற்றில் எறிவோம் என்று விட்டான். அந்தக் கொடைதான் இந்தக் கொடை.

மேளம் நெட் சென்டருக்குள் நுழைந்ததும் போர்வை தானாக நழுவியது. கம்ப்யூட்டர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் குறி சொல்ல ஆரம்பித்தது. குரல் சொர்ணலிங்கத்தின் குரல். அவன் இழுக்கிற அதே இழுப்பு, அவன் நடுவில் போடுகிற அதே ஹூங்காரம். "சொர்ணலிங்கம்! முன்னால வாடா!" என்றது. வாசலில் நின்றவனை ஜனங்கள் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே அனுப்பினார்கள்.

"வழுக்கைல மயிரு மொளைக்க வெங்காயச்சாறு தேடுனவன் நீதான?" ஜனங்கள் அவன் தலையைப் பார்த்தார்கள். "உடம்பு நடுங்குத மாதிரி நடிக்க எப்படிப் பழகணும்னு வீடியோ பாத்தவன் நீதான? ரெண்டாம் நம்பர் பெட்டில ஆச்சிமுத்து மக அழுதுகிட்டே தேடுனத வாசிச்சுச் சிரிச்சவன் நீதான?" சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அங்கே நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு அம்மன் நிறுத்தவில்லை. ஒவ்வொரு குறியும் எந்தப் பெட்டியிலிருந்து, யார் வாயிலிருந்து களவாடப்பட்டது என்று சொல்லிக்கொண்டே போனாள். களவு போன சங்கதி என்ன என்று மட்டும் சொல்லவில்லை. அதற்குப் பதில் அந்தந்த இடத்தில் ஒரு ஹூங்காரம் போட்டாள். சங்கதிக்குச் சொந்தக்காரர்கள் அந்தந்த ஹூங்காரத்துக்குத் தலை குனிந்தார்கள். "கோமதி! நாலாம் நம்பர்!" என்று வந்தபோது கோமதி புருஷனைப் பார்த்தாள். தாய்வீட்டுக்கே போய்விடலாமா என்று அவள் ஒரு நாள் அந்தப் பெட்டியிடம் மட்டும் கேட்டிருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் அம்மன் வாக்காய், "படி தாண்ட நெனைக்கிறவ காலு அழுகிப்போகும்" என்று அவளைப் பார்த்தே சொன்னான். இரண்டு வருஷமாய் அவள் காலைக் கழுவும்போதெல்லாம் பயந்து பயந்து பார்த்திருக்கிறாள்.

கடைசியாக வந்தது மூன்றாம் நம்பர். "உலகம்மா மக சங்கதியக் கேட்டுட்டு, கொடையன்னைக்குக் காலைல, 'வேன்ல வந்த கூட்டம் பெருசு, இன்னைக்குப் பெருசா ஒண்ணு வேணுமே'ன்னு சொன்னவன் நீதான?"

அவ்வளவுதான் காரணம். பகை இல்லை, முன்விரோதம் இல்லை, கூட்டம் பெரிதாயிருந்தது. உலகம்மாவுக்கு அதுதான் ஆறவில்லை. வஞ்சம் என்றாலும் ஒரு மரியாதை இருந்திருக்கும்.

ஊர் அந்தக் கம்ப்யூட்டரை ஏற்றுக்கொள்ள ரொம்ப நாள் ஆகவில்லை. நெட் சென்டர் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டார்கள். பெட்டிக்கு மஞ்சள் பாவாடை கட்டினார்கள். எலி பிள்ளையாருக்கு உரியது, அம்மனுக்கு ஆகாது என்று மவுஸை அவிழ்த்து அரசமரத்தடிப் பிள்ளையார் மடியில் கொண்டு வைத்தார்கள். மின்வாரியத்து அதிகாரி வந்து, இணைப்பு இருந்து ஓடாவிட்டால் தங்கள் பொறுப்பு, இணைப்பு இல்லாமல் ஓடினால் தங்கள் பொறுப்பு அல்ல என்று சொல்லிப் பொங்கல் வாங்கிக்கொண்டு போனார். செவ்வாய், வெள்ளி உச்சிப்பொழுதில் அம்மன் பேசுவாள். பேசுவதெல்லாம் சொர்ணலிங்கத்தைப் பற்றித்தான். அன்றன்றைக்கு அவன் என்ன தேடினான், எதைப் பார்த்தான், பாதியில் எதை மூடினான் என்று புத்தம்புதுசாய் வரும். வெளியூர் வேன்கள் நிற்கவில்லை, இன்னும் கூடின.

ஊர் குணமும் மாறிப்போயிற்று. எதற்கும் 'சரி' என்று அமுக்கியவர்கள் எதற்கும் 'அனுமதி இல்லை' என்று சொல்லப் பழகினார்கள். இரண்டாம் தடவை சாம்பார் ஊற்ற வந்தவனிடம் சொன்னார்கள், 'எங்க போற' என்று கேட்ட மாமியாரிடம் மருமகள் சொன்னாள், ஓட்டு கேட்டு வீடு புகுந்தவர்களிடம் ஆறுமுகநயினார் சொன்னார், 'என்ன சம்பளம் வாங்குறீக' என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டால் பள்ளிக்கூடத்து வாத்தியார் சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆடு மேய்க்கிறவர்கள் சொன்னார்கள், ஆடுகளும் சொல்லியிருக்கும், பட்டியை எண்ண விடாமல் கலைந்து கலைந்து நின்றன.

சொர்ணலிங்கத்துக்கு நாக்கில் சர்க்கரை பட்டாலும் எரிந்தது. மோர் எரிந்தது. எச்சில் எரிந்தது. தாங்காமல் ஊரை விட்டு ஓடினான். ஆனால், நெட்டில் ஒரு செருப்பைத் தேடிப் பார்த்தால் அந்தச் செருப்பு நம்மை எந்தத் திரைக்குப் போனாலும் விரட்டி விரட்டி வருமே, அந்த வித்தையை அம்மனும் அந்தப் பெட்டிக்குள் இருந்து படித்திருந்தாள். கண்டக்டர் டிக்கெட் அடிக்கிற சின்ன மிஷின், அவன் காசை நீட்டியதும், "வெங்காயச்சாறுக்காரனுக்கு ஒரு செங்கோட்டை!" என்று அவன் குரலிலேயே கத்தியது. புனலூரில் பாங்க் மிஷின் அட்டையை விழுங்கிவிட்டு, பின்னால் நின்ற வரிசைக்கு அவன் வரலாற்றை மலையாளத்தில் எடுத்துரைத்தது. கோட்டயத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் எரிச்சலுக்கு ஊசி போடப் படுத்தவனின் நெஞ்சுத் துடிப்பைக் காட்டுகிற திரை, கோடு போடுவதை நிறுத்திவிட்டுக் குறி சொன்னது. நர்சுகள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்கள். திரை இல்லாத இடம் தேடி அலைந்தான். ஆடு கட்டுகிற தொழுவத்தில்கூட ஆட்டின் காதில் நம்பர் வில்லை இருந்தது.

திரும்பி வந்தவன் பாதியாய் இருந்தான். ஆறுமுகநயினாரையும் கூட்டிக்கொண்டு மில் வாசலில் வந்து விழுந்தான்.

"தாயி, கழுவி விடு. எரிச்சல் தாங்கல."

உலகம்மா மல்லியை அரைத்துக்கொண்டிருந்தாள். மிஷினை நிறுத்தவில்லை. அவன் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. எத்தனை தடவை சொன்னாலும், "கேக்கல" என்றாள்.

ஆறுமுகநயினார் கையைக் கூப்பினார். "போதும் உலகம்மா. பழிக்கும் ஒரு அளவு உண்டுல்லா. ஊருக்காகக் கேக்கேன்."

"ஊரா?" அவள் இப்போது மிஷினை நிறுத்தினாள். "என் பிள்ள தோளத் தொறந்து பாத்தப்போ இந்த ஊரு எங்க அண்ணாச்சி நின்னுச்சு? நல்லாத் தெரியட்டும்னு எட்டி எட்டில்லா பாத்துச்சு."

அவர் கூப்பிய கையை இறக்கினார்.

"எனக்கு இவன் அழுக வேண்டாம். என் மக வரணும். அவ காதால கேக்க இவன் வாயால சொல்லணும், அவ அம்மா சொல்லலன்னு. அதுக்கு அப்புறமா யோசிக்கேன்."

அய்யாக்குட்டி திருப்பூருக்குப் போன் போட்டான். ரஞ்சி வருவதற்குள் ஊரில் ஒரு பேச்சு கட்டிவிட்டது: படித்த பிள்ளை, நாலு இடம் பார்த்த பிள்ளை, பெரிய மனசு பண்ணிவிடும், அம்மாவையும் சமாதானப்படுத்திவிடும் என்று. தேங்காயை உடைத்துப் பால் பிழிந்து, வெண்கலச் சொம்பில் ஊற்றி, புதுத் துணியோடு தயாராய் வைத்திருந்தார்கள்.

ரஞ்சி காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். புள்ளி தோளிலிருந்து கழுத்துக்கு ஏறி, தாடைக்குக் கீழே தீவு தீவாய்ப் பரவியிருந்தது. முந்தானையைப் போர்த்தவில்லை, முடியை இழுத்து மறைக்கவில்லை. பார்க்கிறவர்கள்தான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தடுமாறினார்கள். நேரே நெட் சென்டருக்குப் போனாள். கம்ப்யூட்டர் முன்னால் ஊரே நின்றது. சொர்ணலிங்கம் முழங்காலிட்டு, எரிகிற நாக்கைச் சுழற்றிச் சுழற்றி, எல்லாவற்றையும் சொன்னான். "உங்கம்மா யார்ட்டயும் சொல்லல தாயி. இதுகிட்டதான் கேட்டா. நான் ஒளிஞ்சிருந்து எடுத்தேன்."

ரஞ்சி அம்மா பக்கம் திரும்பினாள். "இத ஏம்மா போன்ல என்கிட்ட சொல்லல?"

"நான் சொன்னா நம்பிருப்பியாட்டி?"

"மாட்டேன்" என்றாள். பிறகு அம்மாவின் புருவத்திலிருந்த மாவைப் பெருவிரலால் துடைத்துவிட்டாள். உலகம்மா அசையாமல் நின்று துடைக்கக் கொடுத்தாள். மூக்கு மட்டும் சிவந்துபோயிற்று.

"அப்ப கழுவிரலாம்லா?" என்று ஆறுமுகநயினார் சொம்பை நீட்டினார்.

ரஞ்சி முழங்காலிட்டிருந்தவனைப் பார்த்தாள். "எரியுதா மாமா?"

"எரியுது தாயி."

"எங்க?"

"எல்லா இடத்துலயும்."

அவள் அம்மாவின் காதில் என்னமோ சொன்னாள். மைக் இல்லாத காதில் சொன்னது என்பதால் அது ஊருக்குத் தெரியவில்லை. உலகம்மா சொம்பை வாங்கினாள், துணியைத் தேங்காய்ப்பாலில் நனைத்தாள், கம்ப்யூட்டரின் ஓரத்தில் பெருவிரல் நகம் அகலத்துக்கு, ஒரே ஒரு இடத்தில் துடைத்தாள். அந்த இடம் மட்டும் பளிச்சென்று வெளுத்தது. சொர்ணலிங்கம் "அம்மா!" என்று மூச்சு விட்டான், நாக்கு நுனியில் அரிசியளவு இடம் குளிர்ந்திருந்தது. உலகம்மா துணியைச் சொம்பின் வாயில் போட்டு, சொம்பை மேசைமேல் வைத்தாள்.

"என் பங்கு அம்புட்டுத்தான்" என்றாள். "அன்னைக்கு எம் பிள்ளைக்கு அம்புட்டுத்தான் இருந்துச்சு. பூசுனது நான்தான், கை என்னதுதான். ஆனா இதுல எரியுதது என் ஒருத்தி மிளகா இல்ல. அவங்கவங்க வந்து என் கையத் தொட்டு, 'என் பங்கையும் தொடச்சிரு'ன்னு சொல்லட்டும். சொல்லச் சொல்லத் தொடைக்கேன். வாங்க. யாரு மொதல்ல?"

சொர்ணலிங்கம் முழங்காலாலேயே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். அய்யாக்குட்டி இரண்டு கையையும் கக்கத்தில் சொருகிக்கொண்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்றான். பால் அவன் சொல்லி வாய் மூடும்போதுதான் கடைப்பையனால் அடுப்பில் ஏற்றப்பட்டது. ஆச்சிமுத்துவின் மகள் முந்தானைக்குள் கையை ஒளித்தாள். பள்ளிக்கூடத்து வாத்தியார் கூரையைப் பார்த்துக்கொண்டு, "அனுமதி இல்லை" என்றார். ஒருத்தர் பின்னால் ஒருத்தராய்க் கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. கும்பிடப் பழகிய ஊரில் கும்பிட ஒரு கை மிச்சமில்லை. ஒரு சங்கதியும் பறிகொடுக்காத ஆறுமுகநயினார் ஒருத்தர்தான் கையை வெளியே வைத்துக்கொண்டு நின்றார், அதை வைத்து என்ன செய்ய என்று தெரியாமல்.

அப்போது கூட்டம் விலகிற்று. கோமதி வந்தாள். சொர்ணலிங்கத்தின் முகம் மலர்ந்தது. "நீ வருவன்னு தெரியும் கோமு" என்றான், அழுதுகொண்டே.

கோமதி உலகம்மாவின் கையைத் தொடவில்லை. மேசைமேலிருந்த சொம்பை எடுத்தாள், துணியை எடுத்தாள். வாசலுக்குப் போய்த் தேங்காய்ப்பாலை நாய்க்கு ஊற்றினாள். நாய் நக்கிக் குடித்தது. துணியைச் சொட்டு ஈரமில்லாமல் முறுக்கிப் பிழிந்து, உதறி, வெயில் நன்றாய் விழுகிற இடமாய்ப் பார்த்துக் கொடியில் காயப் போட்டுவிட்டு, தென்காசி பஸ் வருகிற திசையில் படி தாண்டி நடந்தாள். கால் ஒன்றும் அழுகவில்லை.